நுங்குக்கு ஒரு சொந்தக்காரன்

குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவனுக்கு வரவேற்பு பலமாக இருந்துவிட்டால் அதைவிடப் பெரிய தொல்லை வேறில்லை. பெங்களூர் காக்ஸ் டவுனில் அருள்ராஜின் வீட்டுக் கதவு திறந்ததும் அவன் மனைவி ஸ்டெல்லா, "வாங்கண்ணா, நனைஞ்சுட்டீங்களே! மொதல்ல தலைய தொடைங்க" என்று துண்டை நீட்டினாள். அருள்ராஜ் என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினான். ஆறு வருடமாக மின்னஞ்சலில் சண்டை போட்டுக்கொண்டிருந்த ஆளை அன்றுதான் நேரில் பார்க்கிறேன். கடிதங்களில் ஆறடி உயரம் இருப்பான். நேரில் என் தோளுக்குத்தான் வந்தான்.

எனக்கு ஊர் கிள்ளான். மலேசியாவில் ஒரு தமிழ் அச்சகத்தில் கணினியில் பக்கம் கட்டுகிறவன். பெங்களூர் அடுகோடியில் ஒரு பழைய ஆஃப்செட் அச்சு இயந்திரம் விலைக்கு வந்திருக்கிறது, பார்த்துவிட்டு வா என்று முதலாளி அனுப்பியிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் நான் சொன்ன காரணம் அதுதான். நான் உண்மையில் வந்தது அருள்ராஜிடம் ஒரு வாக்கியம் சொல்ல. "அந்தச் சொற்பட்டியலைத் திருடிக் கொடுத்தவன் நான்தான்" என்ற வாக்கியம்.

கொஞ்சம் பின்னே போக வேண்டும். 'நுங்கு' என்பது கணினியில் தமிழ் எழுத நாங்கள் செய்த மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். கோலாலம்பூர், பெங்களூர், டொராண்டோ, யாழ்ப்பாணம் என்று பல ஊர்களில் இருந்து இருபது முப்பது பேர் ஓய்வு நேரத்தில் செய்தது. சம்பளம் கிடையாது. தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, பதிவேடு கிடையாது. ஒரு யோசனை வந்தால் குழுவுக்கு மின்னஞ்சல் போடுவோம். ஒப்புக்கொள்பவர்கள் 'ப்ளஸ் ஒன்' என்று பதில் போடுவார்கள். நாலைந்து ப்ளஸ் ஒன் விழுந்தால் அது சட்டம். எங்கள் கடிதங்கள் எல்லாம் இணையத்தில் அப்படியே கிடக்கும், உலகமே படிக்கலாம், எழுதியவனாலும் அழிக்க முடியாது. ஒளிவு மறைவு கூடாது, எதுவானாலும் குழுவில் சொல். எங்களுக்கு இருந்த ஒரே விதி அது, அதில் எங்களுக்கு அப்படியொரு பெருமை.

எழுத்துப்பிழை பார்க்க நுங்குக்கு ஒரு சொற்பட்டியல் தேவைப்பட்டது. எங்கள் அச்சகத்துக்குச் சென்னை பதிப்பகம் ஒன்று தன் அகராதியை அச்சிடக் கொடுத்திருந்தது. அந்தக் கோப்பிலிருந்து பொருளையெல்லாம் கழித்துவிட்டு, சொற்களை மட்டும் உருவி, முதலாளிக்குப் பயந்து வேறொரு புனைபெயரில் அருள்ராஜுக்கு அனுப்பினேன். அம்மா, ஆடு, இலை இதற்கெல்லாம் எவன் பட்டா வைத்திருக்கிறான் என்பது என் வாதம். நீ யார், எங்கிருந்து எடுத்தாய் என்று அருள்ராஜ் கேட்கவில்லை. எங்கள் கூட்டத்தில் அதைக் கேட்பது மரியாதைக் குறைவு. சும்மா கொடுக்கிறவனிடம் ரசீது கேட்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவான். இணையத்தில் ஏற்றும் சாவி அவனிடம் மட்டுமே இருந்ததால், யார் எதைச் செய்தாலும் அவன் பெயரில்தான் வெளியாகும். தளமும் அவன் பெயரில், அவன் வீட்டு விலாசத்தில்.

அகராதிக்காரர்கள் விவரமானவர்கள். திருட்டைக் கண்டுபிடிக்க, இல்லாத சொல் ஒன்றைத் தாங்களே செய்து உள்ளே ஒளித்து வைப்பார்களாம். எங்கள் பட்டியலிலும் அது இருந்தது. வக்கீல் நோட்டீஸ் காக்ஸ் டவுனுக்கு வந்தது. மதிய உணவு இடைவேளையில் அலுவலக இணைப்பிலிருந்து அவன் ஏற்றியிருந்ததால் அவன் வேலை பார்த்த நிறுவனத்துக்கும் ஒரு நகல் போனது. பதினைந்து நாளில் முடித்துக்கொள், இல்லாவிட்டால் ராஜினாமா எழுது என்று சொல்லிவிட்டார்கள். நான் போய் இறங்கியபோது எட்டு நாள் மிச்சமிருந்தது.

அன்று வியாழக்கிழமை. இரவுச் சாப்பாட்டுக்கு ஸ்டெல்லா மாட்டுக்கறி வறுவலும் ரசமும் வைத்திருந்தாள். ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகள் என் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். நான் ஏதோ எங்கள் ஊர் வழக்கில் "சரி லா" என்றுவிட்டேன் போலிருக்கிறது, அதன்பின் அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் லா. "சாதம் போடட்டுமா லா?" என்றாள் ஸ்டெல்லா. இந்தச் சிரிப்புக்கு நடுவில் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று இன்னொரு கை ரசம் வாங்கிக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை பிரேசர் டவுனில் வக்கீலைப் பார்க்கப் போனோம். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, வழியில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சிவாஜி நகர் லாரி ஒன்று ஹாரன் அடித்தே என் வாயை அடைத்தது. பெங்களூரில் ஹாரன் என்பது மூச்சு விடுவது போல. கிள்ளானில் ஒருவன் ஹாரன் அடித்தால் ஏதோ சாவு விழுந்துவிட்டது என்று திரும்பிப் பார்ப்போம்.

வக்கீல் சுகுணா அம்மாளின் அறை ஒரு பேக்கரிக்கு மேலே. கட்சிக்காரரைத் தவிர வேறு யாரும் வேண்டாம் என்று என்னைக் கீழேயே நிறுத்திவிட்டார். தூறலில் நின்றபடி கீமா சமோசா தின்றேன். அருமையான சமோசா. ஒரு மணி நேரம் கழித்து அருள்ராஜ் படி இறங்கி வந்தான். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

"இன்னா சொன்னாங்க?" என்று அவனைப் போலவே கேட்டேன்.

"பர்வாயில்லண்ணா. பதில அவங்களே எழுதுறாங்களாம். நம்மள சும்மா இருக்கச் சொன்னாங்க. அப்புறம் ஒண்ணு கேட்டாங்க, நுங்குக்கு ஓனர் யாருன்னு. ஓனரே கெடையாது மேடம்னேன். அதான்ப்பா உன் கஷ்டம்ன்றாங்க. சங்கம்னு ஒண்ணு ரிஜிஸ்டர் ஆகியிருந்தா நோட்டீஸ் சங்கத்துக்குப் போயிருக்குமாம். இல்லாததுக்கு என் வீட்டுக்கு வந்துடுச்சு. இனிமேலாவது ஏழு பேரு கையெழுத்துப் போட்டு ரிஜிஸ்டர் பண்ணுங்கன்னாங்க."

"மத்தவங்க?"

"ஞாயித்துக்கெழம வரச் சொல்லியிருக்கேன். வருவாங்க. நம்ம ஜனம்தானே."

சும்மா இருக்கச் சொன்னார்கள் என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. மூளைக்குப் போகவில்லை. சும்மா இருப்பது என்பது எங்கள் கூட்டத்துக்குத் தெரியாத வித்தை. ஒரு பொத்தானுக்கு 'சேமி' என்று பெயர் வைப்பதா 'காப்பாற்று' என்று வைப்பதா என்று மூன்று மாதம் சண்டை போட்டவர்கள் நாங்கள்.

சனிக்கிழமை தனியாக அடுகோடிக்குக் கிளம்பினேன். பலகையெல்லாம் கன்னடம். எண்ணை மட்டும் நம்பி ஒரு பேருந்தில் ஏறினேன். நடத்துநர் கன்னடத்தில் ஒரு பாட்டம் திட்ட, பக்கத்தில் இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: "இந்த வண்டி எதிர்ப்பக்கம் போவுது, கண்ணு என்ன பொறத்தாலயா இருக்குன்னு கேக்கறாரு." அவரே என்னை ஹெப்பாலில் இறக்கி, எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டார். யாரென்றே தெரியாதவனுக்காகத் தன் வழியை விட்டு நனைந்துகொண்டு வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படியொரு மனிதருக்குப் பக்கத்தில் நடக்கத் தகுதியில்லாத பயல் நான்.

பசிக்கு ஒரு தர்ஷினி ஓட்டலில் நின்றுகொண்டே சவ்சவ் பாத் சாப்பிட்டேன். ஒரு தட்டில் கார உப்புமா, பக்கத்தில் கேசரி. சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். சாம்பாரில் வெல்லம் போடுகிற ஊரில் எவனுக்கும் உறைப்பாக ஒரு உண்மையைச் சொல்ல வராது என்று எரிச்சலோடு நினைத்துக்கொண்டேன். யார் மேலாவது பழியைப் போட வேண்டுமே.

அடுகோடி ஒர்க்‌ஷாப்பில் இயந்திரம் நன்றாகவே இருந்தது. உருளை இரண்டு மட்டும் தேய்ந்திருந்தது. விற்கிறவர் ஒரு பழைய உறையிலிருந்து காகிதங்களை எடுத்து மேஜையில் பரப்பினார். "மொதல்ல சிவகாசில இருந்துச்சு. அப்புறம் மைசூர் பார்ட்டி. மூணாவது நானு. எல்லாத்துக்கும் பேப்பர் இருக்கு சார், நாளைக்கு எவனும் வந்து என்துன்னு கேக்க முடியாது." இரும்புக்கு இவ்வளவு ஜாதகம் வைத்திருக்கிறார் மனிதர். நாங்கள் ஒரு மொழியையே தூக்கி நிறுத்துவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு துண்டுச்சீட்டுகூட வைத்திருக்கவில்லை.

அன்று மாலை வீடு திரும்பியபோது ஸ்டெல்லா தனியாக இருந்தாள். காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அண்ணா, நீங்க பெரியவங்க, ஒண்ணு கேக்கட்டா? இந்தப் பட்டியல கொடுத்தது யாருன்னு இவருகிட்ட நூறு தடவ கேட்டுட்டேன். தெரியலன்றாரு. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டாரு. என் ஸ்கூல்ல எனக்கு டெம்பரரி வேலதான். இவரு வேலையும் போச்சுன்னா எங்கண்ணா போவோம்?" காபி சூடாக இருந்தது. அதை ஊதிக்கொண்டே இருந்தேன். ஊதி ஊதி அது ஆறியும் போயிற்று. கடவுளே பார்த்து ஒரு வாய்ப்பைக் கையில் கொடுத்தார், நான் டம்ளரைக் கழுவி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். எங்களில் ஒருவர் நடத்தும் டியூஷன் சென்டரில், பிள்ளைகள் உட்காரும் குட்டி பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். எல்லோரும் புனைபெயரில் மட்டுமே பழகியவர்கள். 'மின்மினி' என்று எழுதுபவர் பெரிய மீசை வைத்த வங்கி அதிகாரி. 'புயல்' மெல்லிய குரலில் பேசும் திருநெல்வேலிப் பையன், மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்தவன். என்னையும் சேர்த்து ஒன்பது பேர். முதல் அரை மணி நேரம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

பிறகு அருள்ராஜ் சங்கப் பதிவுப் படிவத்தை எடுத்து வைத்தான். ஏழு பெயர், ஏழு விலாசம், ஏழு கையெழுத்து. சங்கம் வேண்டுமா என்று குழுவில் கேட்டபோது அத்தனை பேரும் ப்ளஸ் ஒன் போட்டிருந்தார்கள். படிவம் பெஞ்சு பெஞ்சாக நகர்ந்தது. பேனா மட்டும் திறக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் இல்ல, ஆனா பேங்க்ல பர்மிஷன் வாங்கணும்" என்றார் மின்மினி.

"என் கம்பெனி அக்ரிமெண்ட்ல வெளிய எதுலயும் பேரு போடக் கூடாதுன்னு இருக்குல்லா" என்றான் புயல். "விசா வேற பாத்துக்கிட்டு இருக்கேன்."

இன்னொருவர் கொஞ்சம் கடுமையாகவே சொன்னார்: "ஏன் அருள், ஒரு ஃபைல் வந்தா எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்க வேணாமா? யாரையும் கேக்காம ஏத்துனது நீங்கதானே? இப்ப எங்களையும் சேந்து மாட்டிக்கச் சொன்னா எப்படி?"

ஊர் கூடித் தேர் இழுத்தோம். தேர் ஒரு சுவரை இடித்துவிட்டது. இப்போது வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் ஒருவன்தான். அருள்ராஜ் யாரையும் குறை சொல்லவில்லை. படிவத்தை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்தான். "டீ சொல்லியிருக்கேன், குடிச்சுட்டுப் போங்க" என்றான்.

வெட்கம் என் காதுமடல் வரை ஏறியது. அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. கடைக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பி, மாலை ஐந்து மணிக்கு ஒரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன். விசைப்பலகை முன்னால் உட்கார்ந்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. நான் வாழ்நாளில் வீரனாக இருந்ததெல்லாம் அங்கேதான்.

குழுவுக்கு எழுதினேன். பட்டியல் எந்த அகராதியிலிருந்து, எந்த அச்சகத்தில், எப்படி உருவப்பட்டது என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். அருள்ராஜுக்கு எதுவும் தெரியாது, முழுப் பழியும் என்னுடையது, என் வேலை போனாலும் போகட்டும் என்று முடித்தேன். என் சொந்தப் பெயரைப் போட்டேன். அனுப்பியதும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. வரும் வழியில் மகளுக்கு மைசூர்பாகு வாங்கினேன். அன்றிரவு நான் நன்றாகச் சாப்பிட்டேன், அதை இப்போது எழுதும்போதுகூடக் கூசுகிறது. அருள்ராஜ் இரண்டு நாளாகக் கணினியைத் தொடவில்லை. காலையில் அவனே படித்துக்கொள்ளட்டும், என்னைக் கட்டிப்பிடிப்பான் என்றுகூட நினைத்தேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வக்கீலிடமிருந்து தொலைபேசி வந்தது. இந்தமுறை என்னையும் மேலே வரச் சொன்னார். அவர் மேஜையில் என் கடிதம், அச்செடுத்து, மஞ்சள் கோடு போட்டுக் கிடந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் தொலைநகலில் அனுப்பியிருந்தார். உலகமே படிக்கலாம் என்று பெருமைப்பட்டோமே, அவர்களும் உலகத்தில்தானே இருக்கிறார்கள்.

"நீங்கதானா அது?" என்றார் சுகுணா அம்மாள். குரலை உயர்த்தவில்லை. "சார், ஒரு பொய் வார்த்த ரெண்டு லிஸ்ட்லயும் இருக்குன்றது ஒண்ணுதான் அவங்க கையில இருந்துச்சு. பல ஊர்லேருந்து பல பேரு சேர்த்த லிஸ்ட், எங்கயோ பாத்து யாரோ டைப் பண்ணிட்டாங்கன்னு எழுதியிருந்தேன். நேத்து வரைக்கும் அவங்க எறங்கி வந்துட்டு இருந்தாங்க. லிஸ்ட எடுத்துடுங்க, போதும்ன்ற அளவுக்கு வந்தாச்சு. இன்னிக்குத் திருட்டுன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க."

"அருளுக்குத் தெரியாதுன்னும் எழுதியிருக்கேனே?"

"தெரியுமா தெரியாதான்றது அப்புறம். வெளியிட்டது யாரு? அவரு. எல்லாத்துலயும் அவரு பேருதான் இருக்கு. நோட்டீஸ் உங்க பேர்ல வரல."

கடிதத்தை அழித்துவிடலாமா என்று கேட்டேன். எழுதியவனாலும் அழிக்க முடியாது என்ற பதில் எனக்கே தெரியும் என்பது கேட்டபிறகுதான் உறைத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது ஒரு தவளை, பாம்பு கவ்வியது வேறு தவளையை.

மதியம் கிள்ளானிலிருந்து முதலாளி கூப்பிட்டார். என் வேலைக்கு முடிவு வந்தது என்று நினைத்து எடுத்தேன். பதிப்பகம் பழைய வாடிக்கையாம், இந்தப் பழக்கத்தைக் கெடுத்துக்கொள்ள அவர்களுக்கு விருப்பமில்லையாம். "இனிமே இப்படிப் பண்ணாதே லா" என்று இரண்டு நிமிடம் திட்டினார். பிறகு இயந்திரத்தின் உருளை தேய்ந்திருக்கிறதா என்று கேட்டார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்தேன். என் கடிதத்தின் கீழே பதில்கள் வரிசையாக விழுந்திருந்தன. "உங்கள் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன், ப்ளஸ் ஒன்." "ப்ளஸ் ஒன்." "ப்ளஸ் ஒன்." மின்மினியும் போட்டிருந்தார்.

மாலை நான்கு மணிக்கு வக்கீல் அறையில் ஒரு காகிதம் தயாரானது. நுங்கை முழுவதுமாக நிறுத்துவது, தளத்தை மூடுவது, மன்னிப்புக் கேட்பது. கையெழுத்துப் போடும் இடத்துக்குக் கீழே 'உரிமையாளர்' என்று அடித்திருந்தது. ஆறு வருடமாக நுங்குக்குச் சொந்தக்காரன் கிடையாது. அதைக் கொல்வதற்கு ஒரு சொந்தக்காரன் தேவைப்பட்டான். நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். "உங்க பேருக்கு இதுல எடமே இல்ல சார்" என்றார் வக்கீல். அருள்ராஜ் போட்டான். அடுத்து பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்து, அதிலும் போட்டான். அது அலுவலகத்துக்கான ராஜினாமா. என் கடிதத்தின் நகல் அங்கேயும் போயிருந்தது, திருட்டு நிரூபணமானவனை வைத்துக்கொள்ள மாட்டோம் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள்.

அன்றிரவு ஸ்டெல்லா சாதம் போட்டாள். "போட்டுக்குங்கண்ணா" என்றாள், என் தட்டை மட்டும் பார்த்து. லா இல்லை. மகள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள். மைசூர்பாகு டப்பா பிரிக்கப்படாமல் அலமாரி மேல் இருந்தது. அந்த வீட்டில் ஒருவர்கூட என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. ரெண்டு அறை விட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை விடியலில் ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன் என்று எவ்வளவு சொல்லியும் அருள்ராஜ் கேட்கவில்லை. விமான நிலையத்துக்கு ஸ்கூட்டரிலேயே கொண்டுவந்து விட்டான். என் பெட்டியை முன்னால், கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு ஓட்டினான். தூறல் நிற்கவில்லை. உள்ளே போகும் வாசலில் பெட்டியை இறக்கி, ஈரத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தான்.

"அருள், என்னை மன்னிச்சிடு. நான் உன்னைக் காப்பாத்தத்தான் எழுதினேன்."

"தெரியும்ணா." ஸ்கூட்டரைத் திருப்பினான். பிறகு காலை ஊன்றி நிறுத்திவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னான். "நாலு நாளு எங்கூட ஒக்காந்து சாப்ட்டீங்களேண்ணா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லியிருப்பேன்."